சத்து மாத்திரை

“கண்ணைக் காட்டத்தானே வந்தோம்? வாசல்ல நரம்பு டாக்டர்னு போட்டிருக்கே?” என்றாள் மனைவி.

“கண்ணுக்கும் நரம்பு இருக்குல்ல?” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து பொய் சொல்லிச் சொல்லி அதில் கைதேர்ந்திருந்தேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

வலிப்பு மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்து, அவள் கண்ணெதிரிலேயே விழுங்குகிற மகா கெட்டிக்காரன் நான். எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு அப்பாவி.

“கடைசியா எப்போ வலிப்பு வந்துச்சு?” என்றார் டாக்டர்.

“கல்யாணத்துக்கு முன்னாடி டாக்டர். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கல. மாத்திரையை நிறுத்திடலாமா?”

சில நாள் காலையில் நாக்கில் காயத்தோடு எழுந்திருப்பேன். கனவில்கூட மனைவியை எதிர்த்துப் பேச வந்து நாக்கைக் கடித்துக்கொண்டுவிடுகிறேன் போல. அதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி மானத்தைக் கப்பலேற்றுவானேன்?

மாத்திரை நின்றதும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகத் திட்டம். வியாதிக்காரனைக் கட்டிக்கொண்டோமே என்று அவள் அழுதால் என்னால் தாங்க முடியாது. ‘இருந்தது, போய்விட்டது’ என்றால் கோபமாவது பாதியாகும்.

“நிறுத்தலாம், கொஞ்சம் கொஞ்சமா. ஆனா கூட இருக்கறவங்களை ஒரு வார்த்தை கேட்காம நான் குறைக்க மாட்டேன். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்க.”

“ஐயோ, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது டாக்டர்!”

“அப்போ இப்பச் சொல்லிடுங்க.”

அவள் வந்து நின்றாள். பொய் சொல்லும்போது அருவியாகக் கொட்டுகிற எனக்கு, உண்மை என்றதும் ஒவ்வொரு வார்த்தையும் இடறியது.

“அது வந்து... எனக்கு முன்னாடி வலிப்பு இருந்துச்சு. அந்த டப்பால இருக்கறது அதுக்கான மாத்திரைதான். இப்போ சுத்தமா சரியாயிடுச்சு, நிறுத்தப் போறாங்க” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

“நிறுத்திடாதீங்க டாக்டர். இவர் பயந்துடுவாரேன்னுதான் சொல்லல... போன வாரம்கூடத் தூக்கத்துல வந்துச்சு!”