ரத்தினசாமி கண்ட ஜப்பான்

எழுபத்தைந்தாம் வருஷம். ஆனைகட்டி வாசகசாலையில் "ஜப்பானில் குடும்ப வாழ்க்கை" பற்றிப் பேச, வடகரப்பதி பண்ணையார் ரத்தினசாமி மனைவியோடு வந்திருந்தார். பேச்சு முடிந்ததும் அவருக்குப் போர்த்துவதற்கென்று ஒரு பட்டுச் சால்வை தட்டில் காத்திருந்தது. பண்ணையாரின் ஒரு கண் அதன்மேல்தான்.

"அங்கெல்லாம் செருப்பை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டுத்தானுங்க ஊட்டுக்குள்ள போகோணும். சாப்பாடும் தரையில உக்காந்துதான்."

"இங்கியும் அப்படித்தானுங்களே?" என்றது பின்வரிசை.

"இது பழக்கம். அது நாகரிகமுங்க!"

கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கத்தில் மனைவி சரஸ்வதியம்மாள், அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சரியென்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"லீவு நாள்ல குடும்பமே பொட்டியில சோத்தைக் கட்டிக்கிட்டுப் போயி, பூ மரத்தடியில பாய் விரிச்சு உக்காந்துக்குமுங்க. தலையெல்லாம் பூ கொட்டும்!"

செயலாளர் மாரப்பன் உருகிப்போனார். "ஏனுங்கண்ணா, அந்தச் சோறு எப்படி இருந்துதுங்க?"

 ரத்தினசாமி பெண்கள் பக்கம் திரும்பினார்.

"ஏ சரசு, சோறு எப்படி இருந்துச்சு?"

"ஆறிப்போயிருந்துதுங்க. உப்பும் பத்தலை."

மாரப்பன் திகைத்தார். "அப்ப நீங்க ஜப்பான் போகலீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க! அங்கிருக்கற மக பேறுகாலத்துக்கு ஆத்தாக்காரிதானுங்க போகோணும்? நானும் போயிட்டா எருமைக்குத் தண்ணி காட்டறது யாரு?"

மாரப்பன் சால்வைத் தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நடந்தார்.

ரத்தினசாமி அசரவில்லை. "அவளுக்கே போடுங்க, போடுங்க. எப்படியும் நம்மூட்டுக்குத்தானே வருது!"