ஓடாத ஃபியட்டுக்கு ஒரு வேலை

"ராத்திரி வண்டி எங்கே நிக்கும்?" என்று கேட்டார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கல்யாணராமன்.

"ரோட்லதான். கேட்டுக்கு வெளியே" என்றார் வைத்தி.

கல்யாணராமன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"போச்சு. டெல்லி வண்டின்னாலே பிரீமியம் ஜாஸ்தி. அதுவும் ராத்திரி ரோட்ல நிக்கறதுன்னா எங்க கம்பெனி இன்னும் ஏத்திடும். கேட்டுக்கு உள்ளே, காவல் காக்கற சௌகிதார் கண்ணெதிரே நின்னா நிறையக் குறைச்சுக்கலாம்."

"அப்ப உள்ளேன்னே எழுதிடுங்கோ."

"எழுதிடலாம். பதினோரு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து இடத்தைப் பார்ப்பானே?"

வைத்தி வாங்கியிருந்தது செகண்ட் ஹேண்ட் ஆல்ட்டோ. பழைய பாலிசி நாளையோடு முடிகிறது. வாங்கிய நாளிலிருந்து ராத்திரிக்கு ஐந்து தடவை எழுந்து, வண்டி இருக்கிறதா என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். பாதித் தூக்கத்தில் ஆபீஸ் போய் மீதியை அங்கே முடிக்கிறார்.

கேட்டுக்கு உள்ளே நல்ல இடம் ஒன்று உண்டு. அதில்தான் கீழ்வீட்டு ஜோதிலிங்கத்தின் ஃபியட் நிற்கிறது. எட்டு வருஷமாக ஓடாத வண்டி. சும்மா கொடுத்தாலும் திருடன் வேண்டாம் என்பான். பின்பக்கச் சுவரோரமாக சிவனே என்று கிடந்ததை நாலு மாசத்துக்கு முன் திடீரென்று தள்ளிக்கொண்டு வந்து இங்கே நிறுத்திவிட்டார்.

வைத்தி அந்தப் பன்னிரண்டு வீட்டு பிளாக்குக்கு செக்ரட்டரி. செக்ரட்டரி தோரணையிலேயே, கல்யாணராமனையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஜோதிலிங்கம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு ஸார் இந்த இடம்? பழையபடி பின்னாலேயே தள்ளிடலாமே?"

"அது அங்கனதான் நிக்கும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"ஏன்னு ஒமக்குத் தெரியாதாக்கும்? நீருதானவே செக்ரட்டரி?" என்றபடி அவர் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

"திமிரைப் பார்த்தேளா?" என்றார் வைத்தி.

"சுத்தக் கப்ஜா, பட்டப்பகல் ஆக்கிரமிப்பு" என்றார் கல்யாணராமன்.

சனிக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பத்தரை மணிக்கெல்லாம் படை திரண்டது. மாடி வீட்டு சர்தார்ஜி பைஜாமாவை மடித்துக்கொண்டு வந்தார். காய்கறி வண்டிக்காரன் தராசைப் போட்டுவிட்டு வந்தான். ஃபியட்டின் கதவுப் பூட்டு உடைந்து வருஷக்கணக்காகிறது. வைத்தி ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

"ஜோர் லகாகே..."

"ஹையா!"

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பூனை பாய்ந்து சர்தார்ஜியின் தோள்வழியாக ஓடியது. பின்பக்க பம்பர் கல்யாணராமன் கையோடு வந்துவிட்டது. அவர் அதை யாருக்கும் தெரியாமல் பின்சீட்டில் படுக்க வைத்தார். வைத்தியின் மனைவி வைதேஹி, ஆல்ட்டோ உள்ளே வரும்போது டயருக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடு தயாராக நின்றாள். மகள் ஸ்நேகா கை தட்டினாள். ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு. வைத்தி குடியரசு தின அணிவகுப்பில் போவதுபோல் எல்லோருக்கும் சல்யூட் அடித்துக்கொண்டே வந்தார்.

ஃபியட் முக்கி முனகி நகர்ந்தது. இடம் காலியானது.

சிரிப்பும் நின்றது.

ஃபியட் நின்ற இடத்தில் பாதாளச் சாக்கடை வாயைத் திறந்துகொண்டிருந்தது. இரும்பு மூடியைக் காணவில்லை. ஒரு ஆள் தாராளமாக உள்ளே போகலாம். வெகு கீழே கறுப்புத் தண்ணீர்.

வைதேஹி ஓடிப் போய் ஸ்நேகாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். சாயங்காலமானால் பிளாக்கின் குழந்தைகள் மொத்தமும் கிரிக்கெட் ஆடுவது அங்கேதான். வைத்தி காரிலிருந்து இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து கம்பெனி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று இந்தியில் கேட்டான்.

"ரோட்லதான் பையா, அப்படியே எழுதிக்கோ" என்று வைத்தியும் இந்தியில் சொன்னார். "எழுதிட்டு ஜல்தியா வந்து ஒரு கை கொடு. இதைப் பழைய இடத்துக்கே தள்ளணும்."

அவனும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து தோள் கொடுத்தான். "ஹையா" மறுபடி ஆரம்பித்தது. பாதி வழியில் ஒரு குரல் அதிகமாகக் கேட்கிறதே என்று வைத்தி திரும்பிப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதியோடு ஜோதிலிங்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைய எல்லாம் பத்திரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஃபியட் குழியின் மேல் வந்து நின்றது. வைத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுட்டேன் ஸார், மன்னிச்சுடுங்கோ. ஆனா மூடி காணோம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"வாயால சொன்னா எழுத்துல குடுங்கன்னுவீரு. அதான் மார்ச் மாசமே எழுதிக் குடுத்தேன். புது மூடி போடுத வரைக்கும் எம் வண்டிய மேல நிப்பாட்டுதேன்னு. நீருதானவே அதுல சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு வாங்குனீரு?"