எடை கம்மி

"காய வெக்கிற மரத்துக்கு நீராவி வுட்டா நனைஞ்சிடாதுங்களா மொதலாளி?" என்றார் பாய்லர் பார்க்கும் மாதன்.

"கொதிக்கிறதுக்கு மேலயும் சூடேத்துன ஆவி, ஈரத்த இழுத்துக்கும்பா. இருவது மணி நேரம்னு இன்ஜினீயரம்மா கணக்கு போட்டு எழுதியிருக்காங்க," என்றார் கள்ளக்குறிச்சி மர மில் முதலாளி கொளஞ்சியப்பன்.

சொன்ன மணிக்கு உலர்த்தும் அறையைத் திறந்தார்கள். பலகைகளில் ஈரமில்லை, ஒரு வெடிப்பும் இல்லை.

அப்போது இன்ஜினீயர் வளர்மதியே உள்ளே வந்தார். இடஒதுக்கீட்டு மறியலில் பஸ் ஓடவில்லை. சாலையில் வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டி, தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"கணக்கு கரெக்டுன்னு போன்லயே சொல்லியிருப்பனேங்க. எதுக்கு நடந்து வந்தீங்க?" என்றார் கொளஞ்சியப்பன்.

வளர்மதி ஒரு பலகையை எடை போட்டார்.

"இருக்க வேண்டியதவிட எடை கம்மியா இருக்கு. மூணு மணி நேரம் முன்னாடியே காஞ்சிடுச்சு, அப்புறம் எரிச்ச வெறகெல்லாம் வீண். என் கணக்கு தப்புங்க. இத நீங்க போன்ல சொல்லியிருக்க மாட்டீங்க."