ஈ மைனரும் சில கேள்விகளும்

கிட்டாரை நீட்டிய கையின் நகங்களைத்தான் தலைமை நர்ஸ் முதலில் பார்த்தாள்.

இடது கையில் ஒட்ட வெட்டியிருந்தான். வலது கையில் நீளமாக விட்டிருந்தான். பாதி நாள் மட்டும் சுத்தமாக இருப்பவன் போலிருக்கிறது.

இரண்டாவது மாடியில் கிட்டார் வகுப்பு. வாசலில் ‘எந்த வயதிலும் தொடங்கலாம்’ என்று பலகை. எந்த முழங்காலோடும் ஏறலாம் என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள்.

பலகையில் ‘மாஸ்டர்’ என்று போட்டிருந்தவனுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மீசையே வளர்வதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

பிரசவ வார்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர்களே குரலை உயர்த்துவதா தாழ்த்துவதா என்று முடிவு செய்வார்கள். புது நர்ஸ்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் பெரிய ஊசி. அப்பேர்ப்பட்டவள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில், வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே அந்த மரப்பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அல்லாடினாள்.

“கைக்குழந்தை மாதிரி அணைச்சுப் பிடிக்காதீங்க மேடம். அது விழாது.”

ஊரில் பாதிப் பேருக்குக் கைக்குழந்தையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

முதல் பாடம் ஈ மைனர் கார்டு, ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்றான். இரண்டே விரல்தான், குழந்தைகூட வாசித்துவிடும் என்றான்.

அப்படி ஒரு குழந்தை அவள் வார்டில் இதுவரை பிறந்ததில்லை.

அழுத்தி மீட்டினாள். ஒரு கம்பி டப் என்றது. ஒன்று இருமியது. மற்றவை எதற்கு வம்பு என்று வாயே திறக்கவில்லை.

“பிரமாதம்” என்றான் மாஸ்டர்.

கூசாமல் பொய் சொல்கிறான். மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

விரல் நுனி எரிய ஆரம்பித்ததும் அவள் வாய் வேலையைத் தொடங்கியது, ‘நீங்க’ போட்டு மரியாதையாகத்தான். இது ஒன்றுதான் பிழைப்பா? இல்லை, பகலில் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர். அம்மா அப்பா? அக்கா வீட்டில், பக்கத்துத் தெருவில். அக்காவோடு பேச்சுவார்த்தை உண்டா? உண்டு, சண்டையும் உண்டு. உடம்புக்கு எதுவும் இல்லையே? சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லை. கண்ணாடி எத்தனை பவர்?

கிட்டார் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இல்லைதான். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். நடுநடுவே, விரல் மூணாவது கம்பி மேல் சாய்கிறது என்று மட்டும் நினைவுபடுத்தினான்.

கோபக்காரனா என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? அதனால் அதே தப்பை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், வேண்டுமென்று செய்த தப்பு எது, தானாக வந்த தப்பு எது என்று அவளுக்கே பிடிபடாமல் போனது.

அவன் கோபப்படவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“விரலைத் தொட்டு நகர்த்தலாமா மேடம்?”

தலையாட்டினாள். நகத்தின் ஓரத்தை மட்டும் தொட்டு, அரிசி அளவுக்கு நகர்த்தி, உடனே கையை எடுத்துக்கொண்டான்.

தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதைப் புது நர்ஸ்கள் மண்டையில் ஏற்ற அவளுக்குத் தொண்டை வற்றிப்போகும். இவனுக்கு எந்தப் புண்ணியவதி சொல்லிக்கொடுத்தாளோ! அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குறை கண்டுபிடிக்க வந்திருப்பவளை ஒருவன் இப்படியா ஏமாற்றுவது?

அந்த எரிச்சலோடு மீட்டினாள்.

ஆறு கம்பியும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன. நாதம் அறை முழுக்க நிறைந்து, தாடையில் ஏறி, பல்வரைக்கும் வந்தது. வேறு யாராவது வாசித்தார்களா என்று சுவரில் தொங்கிய கிட்டார்களைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்த முறை அவன் பிரமாதம் என்று சொல்லவில்லை. சும்மா சிரித்தான்.

இன்னொரு தடவை மீட்டினாள். சரிபார்க்கத்தான், வேறெதற்கும் இல்லை.

நேரம் முடிந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டி முதல் படியில் கால் வைக்கப்போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“குடிப்பீங்களான்னு மட்டும் கேக்காம விட்டுட்டீங்களே, அத்தை.”

கால் அந்தரத்திலேயே நின்றது.

“குடிக்க மாட்டேன். சமைப்பேன், சுமாரா” என்றான். “தப்பா வாசிச்சுட்டு கிட்டாரைப் போய் முறைச்சீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்க பொண்ணும் இப்படித்தான் முறைப்பா.”

கண் டாக்டரிடம் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மகள் கட்டிக்கொள்ளத் துடிக்கிற அந்தக் கிட்டார்க்காரன் மூஞ்சியில்கூட விழிக்க மாட்டேன் என்று மாதக்கணக்கில் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவளும் இதே அம்மாதான்.

நறுக்கென்று ஏதாவது சொல்ல வேண்டும். வார்டையே நடுங்கவைக்கிற வாய், சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டது.

“அவகிட்ட சொல்லிடாதப்பா” என்றாள்.

பாதிப் படி இறங்கிய பிறகுதான், இவ்வளவு நேரம் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்த ‘நீங்க’வை மேலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

அதை எடுக்க அவள் திரும்பிப் போகவில்லை.