வராத கதவு

“அணுமின் நிலையத்துல வேலை பாக்குறவனுக்கு எம்புள்ளையக் குடுக்க மாட்டேன். அம்புட்டுதான்!”

அப்பா ஆரோக்கியதாஸ் கத்தியது அடுப்படியில் நின்ற ரூபிக்கு நன்றாகவே கேட்டது. கட்டினால் அங்கே வேலை பார்க்கும் ரீகனைத்தான் கட்டுவது என்று அவள் முடிவோடு இருந்தாள்.

“வடமதுரைப் பையன், கவர்மெண்ட் வேலை. பங்குச் சாமியாரே தங்கமான புள்ளன்னு சொல்றாரு. ஒங்களுக்கு என்னங்க வந்துச்சு?” என்றாள் அம்மா.

“சாமியாரா அங்க போயி நிக்கப்போறாரு? தீ பரவாமத் தடுக்குற கதவெல்லாம் துருப்பிடிச்சு இத்துப்போச்சு. மாத்துறதுக்குப் புதுக் கதவு இன்னும் வந்தபாடில்ல. அதுக்குப் பக்கத்துலதான் அவனுக்கு வேலை.”

ரூபி வெளியே வந்தாள். “இது ரீகனே சொல்லலையே. ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

ஆரோக்கியதாஸின் குரல் இறங்கிவிட்டது.

“அந்தக் கதவு ஆர்டர் நம்ம இரும்புப் பட்டறையிலதாம்மா கெடக்கு. கல்யாண சீசன்னு பீரோ வேலையா எடுத்துட்டேன். அங்க நமக்கு யாரு இருக்கான்னு தள்ளிப்போட்டேன்.”

“இப்ப இருக்காருல்லப்பா,” என்றாள் ரூபி.



இனியும் இந்த வரன் வேண்டாம் என்று அவர் சொல்லலாமா? உங்களுக்குத் தோன்றுவதைப் பதிலாக எழுதுங்கள்.