தூக்கிய மூக்கு

முதலில் கடகடவென்று ஒரு சத்தம்தான் கேட்டது, துணி வைக்காத தையல் மிஷின் ஓடுவது போல. கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும், அது வேங்கையின் பல். வேங்கை என்பது பேர்தான். ஆள் ஒரு கினிப்பன்றி. எதிரே நின்ற பொரியும் கினிப்பன்றிதான், அவனுக்கு ஒரு மாதம் இளையவன்.

அவர்கள் குலத்தில் மூக்கை எவன் உயரத் தூக்கி நிற்கிறானோ அவன் பெரியவன். முதலில் இறக்குகிறவன் சின்னவன். இருவருமே இறக்காவிட்டால் கடி, ரத்தம். பக்கத்துக் கூண்டில் அப்படித்தான் ஆகி, நடுவில் கம்பிவலை போட்டுவிட்டார்கள். இப்போது அங்கே சண்டை போட்ட இருவரும் ஆளுக்கொரு மூலையில் தனியாக ஒண்டிக் கிடக்கிறார்கள். அந்த வலைப் பக்கம் பொரியின் கண் போய்ப் போய் வந்தது. ஆனாலும் கழுத்து இறங்க மாட்டேன் என்றது.

வெகுநேரம் ஆயிற்று. பொரிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, ஜெயிச்சா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"நீ மூக்கை இறக்கணும்டா."

"இறக்கிட்டேன்னு வைங்க. அப்புறம்?"

வேங்கை யோசித்தான். பல் சத்தம் நின்றது.

"அப்புறம் நானும் இறக்கிக்கலாம்," என்றான் மெதுவாக. "கழுத்து விட்டுப்போச்சுடா."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

பொரி மூக்கை இறக்கினான். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, கௌரவமாக, வேங்கையும் இறக்கினான்.

"இப்ப யாருடா பெரியவன்?"

"நீங்கதான். கொஞ்சம் நகருங்க, புல்லு மேல நிக்கிறீங்க."

வேங்கை நகர்ந்தான். இருவரும் ஒட்டி உட்கார்ந்து புல்லைக் கொறிக்க ஆரம்பித்தார்கள்.