மஞ்சள் கறை

பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, அஞ்சலாட்சி துவைக்கும் கல்லில் போட்டுக் கொடிகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு பேசுகிற ஊர்களுக்கெல்லாம் புதுச்சேரியில் விழா. எங்கெங்கிருந்தோ வந்த கொடிகள் அவை.

ஒரு கொடியின் நீலத்தில் மஞ்சளாய் ஏதோ தெரிந்தது. "யாரோ மஞ்சக் கையோட தொட்டிருக்காங்க" என்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. பிளீச்சிங் பவுடர் எடுக்க உள்ளே போனாள்.

அது கனடா கடலோரத்து அகேடியா மக்களின் கொடி. அதற்கு உயிரே போய்விட்டது.

கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த பிரான்சுக் கொடி சிரித்தது. "போகட்டுமே தங்கச்சி. அது போனா நீயும் அச்சு அசல் என்னை மாதிரியே ஆயிடுவே."

"அதான் அண்ணா பயம். உங்க நிறத்தை நாங்க ஆசையாத்தான் வெச்சிருக்கோம். ஆனா இங்கிலீஷ்காரங்க எங்க சனங்களைக் கப்பல்ல ஏத்தி ஊரைவிட்டே துரத்தினப்போ உங்க ஆளுங்க யாரு வந்தா? வானத்து நட்சத்திரம்தான் கூட வந்துச்சு."



அஞ்சலாட்சி பவுடரோடு வந்தாள். அகேடியா கொடி காற்றைக் கெஞ்சிக் கூப்பிட்டு, கல்லின் மேல் சுருக்கமில்லாமல் விரிந்துகொண்டது. அவள் கை அப்படியே நின்றது.

"கறைக்கு ஏது அஞ்சு மூலை?"

ஒவ்வொரு மூலையாய் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பவுடரை ஓரமாய் வைத்துவிட்டு, கொடியைப் பிரான்சுக் கொடிக்குப் பக்கத்திலேயே காயப்போட்டாள்.

பிரான்சுக் கொடி மெல்ல நெருங்கி வந்தது. "தங்கச்சி, கோவிச்சுக்காதே. அந்த நட்சத்திரத்தை ஒரே ஒரு தடவை எனக்கு இரவலா..."

"ஏ அஞ்சலாட்சி, பாப்பா முழிச்சிடுச்சு, ஓடியா!" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.